பொய்யான வானம் எதற்கு? கருந்துளை வேட்டைக்கு முன் கணினியில் ஒரு ஒத்திகை

நன்னிலம் பக்கம் கரண்ட் போன ராத்திரியில் மொட்டைமாடி ஏறினால் வானம் நன்றாகவே தெரியும். சுற்றிலும் வயல், பக்கத்தில் பெருநகர வெளிச்சம் கிடையாது. அப்படியும் வெறும் கண்ணுக்குச் சிக்குவது சில ஆயிரம் நட்சத்திரங்கள்தான்.

சிலி நாட்டின் செரோ பச்சோன் மலையில் இருக்கும் ரூபின் ஆய்வகத்தின் கணக்கே வேறு. 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 10 ஆண்டு சர்வேயில் வானத்தின் ஒவ்வொரு துண்டையும் சுமார் 800 முறை படமெடுப்பது திட்டம். அதில் சுமார் 2,000 கோடி கேலக்சிகள் பதிவாகும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த டெலஸ்கோப் கண் திறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதன் ‘படங்கள்’ வந்துவிட்டன. எல்லாம் கணினியில் செய்தவை. ரூபின் தரவை ஆராயவிருக்கும் விஞ்ஞானிகள் குழு ஒன்று, டிசி2 என்ற பெயரில் 300 சதுர டிகிரி வானத்தை, அதாவது சுமார் 1,500 முழுநிலவுகளை அடுக்கக்கூடிய பரப்பை, ஐந்து ஆண்டு சர்வே நடந்தது போலவே உருவாக்கி, அதன் ஒரு பகுதியை 2021-ல் பொதுவில் வைத்தது.

செய்முறை கொஞ்சம் நீளம். முதலில் ஒரு லட்சம் கோடிக்கும் அதிகமான துகள்களை வைத்து, இருண்ட பொருள் எப்படித் திரண்டது என்று சூப்பர் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அந்தத் திரட்சிகளில் கேலக்சிகளை ‘நடுகிறார்கள்’. நிறம், வடிவம், தொலைவு எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பட்டியல் ஆகிறது. பட்டியலிலிருந்து படம் வரைந்த பிறகுதான் அசல் வேலை: படத்தை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். காற்றின் நடுக்கம், நிலா வெளிச்சம், கேமரா சிப்பின் கோளாறு, காஸ்மிக் கதிர் விழுந்த கோடு என எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். பிறகு, உண்மைப் படங்களை அலசும் அதே சாஃப்ட்வேரிடம் கொடுத்து, “இதில் என்ன இருக்கிறது, சொல்” என்கிறார்கள். விடைத்தாள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. எது தப்பியது, எது இரண்டாக எண்ணப்பட்டது, எந்த நட்சத்திரம் கேலக்சி என்று பெயர் வாங்கியது, எல்லாம் தெரிந்துவிடும். உண்மையான வானத்தில் இந்த வசதி கிடையாது.

இதில் அதிகம் தண்ணி காட்டுவது ஆக்டிவ் கேலக்சிகள். நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளை வாயுவை விழுங்கும்போது, விழும் வாயு சூடேறி, மொத்தக் கேலக்சியையே மங்கடிக்கும் அளவுக்கு ஒளிர்கிறது. ரொம்பத் தூரத்தில் இருந்தால் சாதாரண நட்சத்திரம் போலவே ஒரு புள்ளி. குவேசார் என்பது இதுதான். 3சி 273 அப்படித்தான் நட்சத்திர வேஷத்தில் இருந்தது. 1962-ல் நிலா அதை மறைத்த நேரத்தைக் கொண்டு இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். 1963-ல் மார்ட்டன் ஷ்மிட், அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதைக் காட்டினார். நிலா மறைப்பை வைத்தே ரேடியோ மூலங்களை அளக்கத்தான் கோவிந்த் ஸ்வரூப் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப்பைக் கட்டினார். 1970 முதல் அது இயங்குகிறது.

குவேசாரின் வெளிச்சம் நிலையாக இருப்பதும் இல்லை. முளையில் கட்டிய மாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கொஞ்ச தூரம் போனதும் கயிறு இழுக்கும். ஸ்லோன் சர்வேயில் பதிவான சுமார் 9,000 குவேசார்களின் ஏற்ற இறக்கத்துக்கு இந்த மாதிரிக் கணக்கு நன்றாகவே பொருந்தியதாக 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது. செயற்கை வானத்திலும் குவேசார்களை இப்படித்தான் மினுக்குகிறார்கள்.

இது வெறும் கணினி விளையாட்டு இல்லை. 2015-ல் ‘நேச்சர்’ இதழில் பிஜி 1302-102 என்ற குவேசார் பெரிய செய்தியானது. அதன் வெளிச்சம் சுமார் 5.2 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு ராட்சதக் கருந்துளைகள் உள்ளே இருக்கலாம் என்றார்கள். அலசலுக்கு அடிப்படையான தரவு சுமார் 9 ஆண்டுக்குத்தான், இரண்டு சுற்றுகூட முழுசாக இல்லை. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, கயிற்றில் கட்டிய மாடு போல் தற்செயலாக அலையும் ஒளியைக் கணினியில் ஏராளமாக உருவாக்கிப் பார்த்தது. அவற்றில் சில, எந்த ஜோடிக் கருந்துளையும் இல்லாமலே, அழகாகச் சுற்று வருவது போல் தோற்றம் காட்டின. ஆயிரக்கணக்கில் தேடினால் ஒன்றிரண்டு இப்படிச் சிக்கத்தானே செய்யும்? ரூபின் தேடப்போவதோ கோடிக்கணக்கில். ஒத்திகை பார்க்காமல் இறங்கினால் தினம் ஒரு ‘கண்டுபிடிப்பு’ வரும்.

செயற்கை வானத்தையும் கண்ணை மூடி நம்ப முடியாது. நாம் கட்டிய கயிற்றையே நாமே கண்டுபிடித்துவிட்டு, இயற்கையின் விதி கிடைத்துவிட்டதாகச் சந்தோஷப்படும் அபாயம் இருக்கிறது. சில ஆண்டுகளிலேயே அணைந்து, மறுபடி எரியும் கேலக்சிகளும் பார்க்கப்பட்டிருக்கின்றன. எளிய கயிற்றுக் கணக்கில் அவை அடங்குவதில்லை. மாதிரியில் போடாத ஒன்றை, மாதிரியில் தேர்ச்சி பெற்ற சாஃப்ட்வேர் குப்பை என்று ஒதுக்கிவிடலாம்.

சூப்பர் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. டிசி2-வின் பொதுத் தரவு இணையத்தில் கிடைக்கிறது. ரூபினின் ‘இங்கே ஏதோ மாறியிருக்கிறது’ என்ற அலர்ட்டுகளும் உலகம் முழுக்கத் திறந்தவை. கயிற்று மாட்டை உருவாக்கப் பைத்தானில் சில வரிகள் போதும், சாதாரண லேப்டாப்பே ஓட்டிவிடும். நன்னிலத்துக்குப் பக்கத்திலேயே, நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. டெல்டா கல்லூரிகளில் இயற்பியல் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு, எத்தனையோ முறை செய்து சலித்த சோதனைக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம்: நூறு பொய்க் குவேசார், அவற்றில் ஐந்தில் மட்டும் உண்மையான சுற்று. மழைக்கால இடைவெளியையும் சேர்த்து, எந்த ஐந்து என்று பக்கத்து பெஞ்ச் கண்டுபிடிக்கட்டும்.