காசு குடுத்துப் பயப்படப் போறம்

பட்ச் ட்ரிப் ஒண்டு போகவேணும் எண்டு கதை தொடங்கி மூண்டு மாசம். ரோலர் கோஸ்டர் இருக்கிற இடம் எண்டு முதல் நாளே முடிவு. 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில், திருப்போரூரில் வொண்டர்லா திறந்த பிறகு எங்கட வாட்ஸ்அப் குறூப்பில் அந்த வீடியோக்கள்தான். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒண்டேகால் மணித்தியாலம். கொழும்புக்கு பஸ்ஸில் ஒரு முழு இரவு. கிட்டத்தான் எண்டு நினைச்சம். கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தபோதுதான் தூரம் விளங்கியது. மஹாபொல 5000 ரூபாயிலிருந்து 7500 ஆனதே 2025 பாதீட்டில்தான். அதில்தான் எங்களில் கனபேர் அறை வாடகையும் சாப்பாடும் பார்க்கிறம்.

ஆகவே பண்டாரகம, பேர்ள் பே. ரோலர் கோஸ்டர் உழைக்கத் தொடங்கினாப் பிறகு. இப்போதைக்கு நீர்ச்சறுக்கிலிருந்து விழுகிற பயம் போதும்.

காசைச் சமாளிக்கலாம். மாசாமாசம் சேர்க்கிறம், ஏலாத ஆக்களின் பெயர் பொருளாளரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டைச் சமாளிக்கிறதுதான் பெரிய பாடு. எங்களில் பெடியள் வீட்டுக்கு அறிவிக்கினம், பெட்டையள் அனுமதி கேட்கினம். அதால ஒரு யோசனை வந்தது: களப்பயணம் எண்டு சொல்லுவம். அநுராதபுரத்தில் அரை மணித்தியாலம் இறங்கி நாலு படம் எடுத்தால் சரி. கலைப்பீடக்காரருக்கு எதையும் ஆய்வு எண்டு சொல்ல வாய் இருக்குதுதானே.

அது பிழை எண்டு நாங்கள் நினைக்கிறம். பொய் சொல்லிப் போனால், விளையாடப் போறது குற்றம்தான் எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. பிடிபட்டால் அடுத்த பட்ச் பெட்டையளுக்கு உண்மையான களப்பயணமும் இல்லாமல் போகும்.

இன்னொண்டு. 1884இல் நியூயோர்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தொம்ப்சன் ஐந்து சதத்துக்கு ஒரு சவாரி விட்டார். மணிக்கு ஆறு மைல் வேகம், சைக்கிளே முந்தியிருக்கும். அமெரிக்காவில் ரோலர் கோஸ்டர் பரவினது அதிலிருந்துதான். அந்த மனுசன் சரியான பக்திமான். இளம் ஆக்கள் மதுக்கடைப் பக்கம் போகாமல் இருக்கத்தான் இதில் இறங்கினவராம். எங்கட வீடுகளில் சொல்லக்கூடிய கதை.

எங்களில் ஒருத்தி வீட்டில் உள்ளதையே சொன்னாள். அம்மா கேட்டா: "காசு குடுத்துப் பயப்படப் போறியளோ? நாங்கள் சும்மாவே பயந்தனாங்கள்."

குறூப்பில் வாசிச்சுச் சிரிச்சம். பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை. 2009இல் அவள் ஆறு வயதுப் பிள்ளை, பங்கருக்குள் அம்மாவின் மடியில் இருந்தவள். அந்தப் பயம் எப்ப முடியும் எண்டு அம்மாவுக்குத் தெரியாது. இது ஒரு நிமிசத்தில் முடியும், முடிஞ்சதும் திரும்பவும் வரிசையில் போய் நிக்கலாம். அப்படி ஒரு பயம் எங்களுக்கு வேணும். அம்மாவுக்கும் ஒருக்கால் கிடைச்சிருக்க வேணும்.

அவள் இதையெல்லாம் சொல்லேல்லை. "பாத்துக்கொள்ள ஆக்கள் நிப்பினம் அம்மா" எண்டு மட்டும் சொன்னாள். அடுத்த கேள்விகள் வந்தன: பஸ் ஆற்றை? பெண் விரிவுரையாளர் ஆரும் வருவினமோ? ஏன் இரவில் போகவேணும்?

கடைசிக் கேள்வி நியாயமானது. விடிய நாலு மணிக்கு வெளிக்கிடலாம். ஆனால் ஒரு இரவு தங்கவேணும், ஆளுக்குச் செலவும் கூடும், எங்க தங்கப் போறியள் எண்டு இன்னொரு கேள்வியும் வரும். இந்தக் கிழமை அதைத்தான் கதைக்கப் போறம்.