சீட்டுக் காசில் வாங்கிய சாக்ஸபோன்



சீட்டுக் காசு கைக்கு வந்தால் நாம் எதை வாங்குவோம்? கூரைத் தகடு, தையல் மெஷின், பிள்ளையின் காதுக்கு ஒரு சோடி தோடு. சென்ற வருடம் எங்கள் மகளிர் குழுவில் உள்ள ஒரு அக்கா சாக்ஸபோன் வாங்கினார். அந்தக் கதையை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். "பேர் போடாதீங்க மிஸ், மற்றதெல்லாம் எழுதுங்க" என்றார்.

1977 கலவரத்துக்குப் பின் அவரது பெற்றோர் கண்டிப் பக்கத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனார்கள். அவர் பிறந்தது அங்கேதான். 2009 இல் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தார். மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, உறவினரை நம்பிக் கண்டிப் பக்கம் வந்து சேர்ந்தார். இன்று கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்து தையல் வேலை செய்கிறார்.

அந்தக் கைக்குழந்தைதான் இன்று உயர்தரம் படிக்கும் மகள். பாடசாலையின் மேலைத்தேய வாத்தியக் குழுவில் மூன்று வருடமாகச் சாக்ஸபோன் வாசிக்கிறாள். வாத்தியம் பாடசாலைக்குச் சொந்தம். பாடசாலையை விட்டு விலகும்போது அதை ஒப்படைக்க வேண்டும். "அதோட எல்லாம் முடிஞ்சிடும் அம்மா" என்று ஒரு நாள் மகள் அழுதிருக்கிறாள். அக்காவிடம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா சீட்டுக் காசு இருந்தது. ஒன்றரை வருடச் சேமிப்பு.

"பொம்பிளைப்பிள்ளைக்கு எதுக்கு ஊதுற வேலை?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்களாம். பெண்கள் ஊதாத வாத்தியம் அல்ல அது. சென்னையில் லாவண்யா, சுப்புலட்சுமி என்ற சகோதரிகள் 'சாக்ஸபோன் சகோதரிகள்' என்றே பெயர் பெற்றவர்கள். அவர்கள் வாசிப்பது கர்நாடக இசை. அந்த இசையைச் சாக்ஸபோனில் உலகறியச் செய்தவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கத்தில் ஒரு நாதஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்தவர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் இந்த வாத்தியத்தைக் கண்டு ஆசைப்பட்டுப் பல வருடங்கள் பாடுபட்டுப் பழகினார். 1994 இல் வந்த 'டூயட்' படத்தில் நாம் கேட்டது அவரது வாசிப்பைத்தான். 2019 இல் காலமானார்.

நாதஸ்வரத்துக்கும் நமது பெரஹராவில் ஊதும் ஹொரணைக்கும் சீவாளி இருப்பதுபோல இதற்கும் ஒன்று உண்டு. ரீட் என்பார்கள். நாதஸ்வரத்தில் இரட்டைச் சீவாளி. இதில் ஒற்றைத் தட்டு. உடம்பு பித்தளையாக இருந்தாலும் ரீட்டால் ஒலிப்பதால் இதை மரக்குழல் இனத்தில்தான் சேர்ப்பார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ப் சாக்ஸ் என்பவர் உருவாக்கி 1846 இல் பாரிஸில் காப்புரிமை பெற்றதால் அவர் பெயரே நிலைத்தது.

இனி வாங்கப் போன கதை. முதல் நாள் அக்கா, மகள், நான் மூவரும் நகரில் ஒரு கடைக்குப் போனோம். தொண்ணூற்றைந்தாயிரத்துக்குப் புத்தம் புதியது ஒன்று. தங்கம் போல மின்னியது. பெட்டி, கழுத்துப் பட்டி எல்லாம் சேர்த்து அந்த விலை. எனக்கு இந்த வாத்தியத்தைப் பற்றி எதுவும் தெரியாது. "புதுசு, விலையும் கம்மி, எடுத்துவிடுவோம்" என்று சொன்னவள் நான்தான். விற்பனையாளர் அதை எடுத்து ஓங்கி ஊதிக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணவில்லை. வெளியே நடைபாதையில், காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு முறை அவரைப் பெரஹரா பார்க்கக் கூட்டிப் போயிருந்தோம். முன்னால் வரும் சாட்டைக்காரர்களின் முதல் வெடிச் சத்தத்துடனேயே வீட்டுக்குத் திரும்பியவர் அவர். அப்படிப்பட்டவர் தன் வீட்டுக்குள் இவ்வளவு பெரிய சத்தம் வைக்கும் ஒன்றை வாங்க வந்திருக்கிறார். "வேண்டாமென்றால் விட்டுவிடுவோம் அக்கா" என்றேன். "இல்ல மிஸ், திடீரென்று கேட்டதுதான். அவள் ஊதப் போறாள் என்று தெரிஞ்சா தாங்குவேன்" என்றார். அன்று எதையும் வாங்காமல் திரும்பினோம். அது நல்லதாகப் போயிற்று.

அடுத்த வாரம், வாத்தியக் குழுவில் இருந்து ஓய்வு பெற்ற சிங்கள மாஸ்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனோம். மாஸ்டர் முதலில் மிகத் தாழ்ந்த சுரத்தை மெதுவாக ஊதினார். காற்றுத்தான் வந்தது. பிறகு சிறிய டோர்ச் ஒன்றைக் குழலுக்குள் விட்டு, துளைகளை மூடிப் பார்த்தார். இரண்டு மூடிகளின் ஓரத்தால் வெளிச்சம் கசிந்தது. "காற்றுக் கசிந்தால் பிள்ளை எவ்வளவு ஊதினாலும் கீழ்ச் சுரம் பேசாது. தனக்குத்தான் திறமை இல்லை என்று நினைத்து விட்டுவிடும்" என்றார். மலிவு வாத்தியங்களின் கம்பிகள் சீக்கிரம் வளைந்துவிடும் என்றும், திருத்துகிறவர்கள் பலர் அவற்றைக் கையில் எடுக்கவே மாட்டார்கள் என்றும் சொன்னார்.

அவர் மூலமாகப் பேராதனைப் பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த பாவித்த யமஹா ஒன்று கிடைத்தது. நிறம் மங்கி, உடம்பில் ஓரிரு நெளிவுகள். ஆனால் டோர்ச் வெளிச்சம் கசியவில்லை. விலை ஒரு இலட்சத்து முப்பத்தைந்தாயிரம். பதினைந்தாயிரம் குறைந்தது. அந்தக் கிழமையே நுண்கடன் கொடுக்கும் ஒருவர் அக்காவின் வீட்டு வாசலில் நின்றார். அக்கா மறுத்துவிட்டார். வாராவாரம் தவணைக்காரரைக் கண்டு ஒளிந்த பெண்களை வன்னியில் அவருக்குத் தெரியும். இருபதாயிரம் முற்பணம் கொடுத்து, மீதிக்கு மூன்று மாதத் தவணை கேட்டு, இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். அந்த மூன்று மாதமும் அக்கா இரவில் பாடசாலைச் சீருடை தைத்தார். மகள் பாடசாலை வாத்தியத்திலேயே பழகினாள்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு தேவை வந்தால், மாஸ்டர் சொல்லித்தந்தவற்றை மனதில் வையுங்கள்.

1. முதலில் இரவல் வாத்தியத்தில் சில மாதம் பழகட்டும். ஆசை நிற்கிறதா என்று தெரிந்த பின் வாங்கலாம்.

2. தொடங்குபவருக்கு ஆல்டோ அளவு ஏற்றது. டெனர் பெரியது, விலையும் கூட. நேராக இருக்கும் சோப்ரானோவில் சுருதி நிற்க வைப்பது கடினம்.

3. வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊதிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். மேலிருந்து கீழ்வரை எல்லாச் சுரமும் பேச வேண்டும். நிறம் மங்கியிருந்தால் பரவாயில்லை. கழுத்துப் பகுதி வளைந்திருந்தாலோ, துளையின் அருகே நெளிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

4. கையிலுள்ள காசு முழுவதையும் வாத்தியத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். ரீட் தேய்ந்துபோகும், அடிக்கடி மாற்ற வேண்டும். தொடங்குபவருக்கு ஒன்றரை அல்லது இரண்டாம் இலக்க ரீட் போதும். மூடிகளின் தோல் மெத்தைகளையும் ஒரு நாள் மாற்ற வேண்டி வரும்.

5. கண்டியின் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து, ரீட்டைக் கழற்றிக் காய வைக்க வேண்டும்.

இந்த ஐந்தோடு நான் ஒன்று சேர்க்கிறேன். சத்தம் நம்மில் பலருக்கு இன்னும் வலிக்கும் விடயம். அக்காவும் மகளும் ஒரு ஒழுங்கு செய்துகொண்டார்கள். மாலை ஐந்து மணிக்குத்தான் வாசிப்பு. தொடங்குமுன் மகள் "அம்மா, ஊதப் போறேன்" என்று குரல் கொடுப்பாள். முதல் வாரங்களில் அக்கா கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் போய் நின்றார். பிறகு குசினி வரை வந்தார். சென்ற மாதம் நான் போனபோது முன்வாசலில் தையல் மெஷினில் இருந்தார். உள்ளே மகள் ஒரே சுரவரிசையைத் திரும்பத் திரும்ப ஊதினாள், சில இடங்களில் பிசகியது.

"எப்பவும் இப்படி இருக்க மாட்டேன் மிஸ். சில நாள் இன்னும் வெளியேதான் போவேன்" என்றார் அக்கா. "ஆனா வெளியில போய் நின்றாலும், இது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியுது."

அந்தக் காசுக்கு இரண்டு சோடி தோடு வாங்கியிருக்கலாம் என்று அயலில் இன்னும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பிழையில்லை. நகை அவசரத்துக்கு உதவும். ஆனால் பிள்ளையின் ஆசைக்கு நாம் சேர்த்த காசைக் கொடுப்பது வீண் செலவு என்று யாராவது சொன்னால் வெட்கப்பட வேண்டியதில்லை. கடன் படாமல், அவசரப்படாமல், தெரிந்தவரைக் கேட்டு வாங்கினோமா என்பதை மட்டும் பார்ப்போம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.