துரைமார் இரங்கித் தந்தவையா?

துண்டு முறை ஒழிந்தது, குறைந்தபட்சச் சம்பளம் வந்தது, தொழிற்சங்கம் அமைக்க வழி பிறந்தது எல்லாம் ஆங்கிலேய அரசும் தோட்டத் துரைமாரும் மலையகத் தொழிலாளர்மீது இரங்கிச் செய்தவை என்று இன்றும் சொல்லப்படுகிறது. கண்டி வட்டாரத்தில் நடந்தவை இந்தக் கூற்றைப் பொய்யாக்குகின்றன.

துண்டு என்பது ஒரு சிறு தாள். ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணியிடம் தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று அதில் எழுதியிருக்கும். வேறு தோட்டம் பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அவர் தலையிலேயே நிற்கும். கணக்கு கங்காணியிடம் இருந்தது. அதை வாசித்துச் சரிபார்க்கப் பெரும்பாலானோருக்கு எழுத்துத் தெரியாது. முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டவரை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறைக்கு அனுப்பியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சட்டம் எந்தத் துரையின் மனத்தையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. 1919இல் பொன்னம்பலம் அருணாசலம், பெரி. சுந்தரம் முதலியோர் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்துப் போராடினர். அதன் பிறகே, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தில் துண்டு ஒழிந்தது.

அடுத்தது சம்பளம். 1922இன் இந்தியக் குடியகல்வுச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிபந்தனைக்கு உட்படுத்தவும் நிறுத்தவும் டில்லிக்கு அதிகாரம் கொடுத்தது. தோட்டத்துரைமார் சங்கத்தின் தலைமையகம் இருந்த கண்டியிலேயே இந்திய அரசின் முகவரும் வந்து அமர்ந்தார். ஆள் வரத்து நின்றால் கொழுந்து பறிக்க ஆளில்லை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அந்த நெருக்கடியில் பிறந்தது. உயர் மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று அதன்கீழ் விதிக்கப்பட்டது. கொழுந்துக் கூடையைச் சுமந்தவள் பெண். குறைந்த கூலியும் அவளுக்கே. 1930களின் மந்தத்தில் தேயிலை விலை சரிந்ததும் இந்தத் தொகையும் வெட்டப்பட்டது. இரக்கத்தில் கொடுத்த சம்பளம் விலையோடு சேர்ந்து இறங்கியிருக்காது.

தொழிற்சங்க உரிமை 1935ஆம் ஆண்டின் சட்டத்தோடே கிடைத்துவிட்டது என்பது இன்னொரு வாதம். சட்டம் ஏட்டில் இருந்தது. தோட்ட எல்லைக்குள் சங்கத்தார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குள் போக வேண்டியிருந்தது அதனால்தான். அவர் 1931இலேயே தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தைத் தொடங்கிவிட்டார். மனைவி மீனாட்சியம்மை பாட்டாலும் பேச்சாலும் லயத்துப் பெண்களைத் திரட்டினார். சட்டத்தை முந்தியது சங்கம்.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் 16 சதச் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அது தொடர்பான வழக்கு, விசாரணை பற்றிய சர்ச்சையில் அமைச்சர்களே பதவி விலகும் நிலை வந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.