அறிக்கையும் அதன் ஊற்றும்

கணக்கின் பெருமை அதன் தோற்றத்தில் இல்லை; அஃது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்னும் தெளிவிலேயே உள்ளது. அத்தெளிவில்லாத கணக்கு எத்துணை அழகிய படங்களாக வரையப்பட்டிருப்பினும் காண்போரை மயக்குமேயன்றி வழிநடத்தாது. நம் கலாசாலையினின்று வெளியேறும் மாணாக்கருட் பலர் இக்காலத்துத் தரவுத் தொழிலிற் புகுகின்றனராதலின், அத்தொழிலில் அற்பமென்று கருதப்பட்டுப் பெருந்தீங்கு விளைக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி நம் அபிப்பிராயத்தை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டிற் பொது உபயோகத்திற்கு வெளியிட்ட பவர் பிஐ என்னும் கருவியிலும், 2023-ஆம் ஆண்டில் அதனையும் உள்ளடக்கி வெளியிட்ட ஃபேப்ரிக் என்னும் தளத்திலும், தரவு மாதிரி வேறு, அறிக்கை வேறு. மாதிரியாவது அட்டவணைகளும், அவற்றிற்கிடையேயுள்ள தொடர்புகளும், கணக்கிடும் சூத்திரங்களும் அடங்கியதோர் அமைப்பு. அறிக்கையாவது அம்மாதிரியை வினவிப் பெற்ற விடையைப் பட்டியாகவும் படமாகவும் காட்டுவது. ஓர் ஏரியினின்று பல வாய்க்கால்கள் பிரிவதுபோல, ஒரு மாதிரியினின்று பல அறிக்கைகள் பயன் பெறலாம். மாதிரி ஒரு பணியிடத்திலும் அறிக்கை மற்றொரு பணியிடத்திலும் இருத்தல் கூடும். ‘வருமானம்’ என்பது இன்னதென்று ஓரிடத்தில் வரையறுத்துவிட்டால், எல்லாரும் அவ்வொரு வரையறையையே கையாளுவர். இம்முறையை நாம் மனமாரப் போற்றுகின்றோம்.

ஆயின் ஏரி ஒன்றன்று. ஆக்கத்திற்கு ஒரு பணியிடம், சோதனைக்கு ஒன்று, மக்கள் பயன்பாட்டிற்கு ஒன்று என மூன்று படிகள் வகுப்பது வழக்கம். ஒவ்வொரு படியிலும் மாதிரியின் பிரதியொன்று உண்டு. படைப்புக்களின் மாறுதல்களைக் காத்துவைப்பதற்கு, 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் இயற்றிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி பயன்படுகின்றது. அதில் வைக்கப்படும் அறிக்கையின் கோப்புறையில் ஒரு சிறு கோப்பு உண்டு. அறிக்கை எம்மாதிரியைச் சார்ந்தது என்பதை அதுவே கூறும். இரண்டும் ஒரே பணியிடத்திலிருப்பின், ‘அண்டையிலுள்ள கோப்புறையிற் காண்க’ என்னுமாப்போல வழி மட்டும் எழுதப்படும். இரண்டையும் ஒருங்கே எங்குக் கொண்டுசென்றாலும் அவ்வழி பொருந்தும். வெவ்வேறு பணியிடங்களிலிருப்பின், குறிப்பிட்ட மாதிரியின் அடையாள எண்ணே எழுதப்படும். அவ்வெண்ணை மாற்றாமல் அறிக்கையை அடுத்த படிக்குக் கொண்டுசென்றால், அறிக்கை புதிய வீட்டிற் குடியேறியும் பழைய கிணற்றிலேயே நீர் மொள்ளும்.

இதனால் விளையும் கேடு யாது? ஒரு மருத்துவசாலையில் மருந்துக் கையிருப்பைக் காட்டும் அறிக்கையொன்று, சோதனைக்கென இடப்பட்ட பழைய எண்களை வாசிக்கின்றதென்று கொள்வோம். அறிக்கை திறக்கும், படம் தோன்றும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. இருப்பில் இல்லாத மருந்து இருப்பதாகக் கருதப்படும். வாங்கவேண்டிய மருந்து வாங்கப்படாமற் போம். நின்றுபோன கடிகாரத்தை எவரும் நம்பார். தவறாக ஓடும் கடிகாரமே வண்டியைத் தவறவிடச் செய்வது.

சிலர், ‘வெளியிட்டபின் கையால் திருத்திக்கொள்ளலாம்’ என்பர். அது நிலையாது. கோப்பில் பழைய எண்ணே இருத்தலின், அடுத்த முறை அக்கோப்பினின்று வெளியிடுங்கால் திருத்தம் அழிந்து பழைய இணைப்பே மீளும். வேறு சிலர், ‘ஒவ்வோர் அறிக்கைக்கும் தனி மாதிரியை அருகில் வைத்துவிட்டால் தொல்லையில்லை’ என்பர். ஒரே குழுவினர் ஒரே மாதிரியைக் கையாளுமிடத்து அதுவே தக்கது என்று நாமும் உடன்படுகின்றோம். பல துறையினர் ஒரு மாதிரியைப் பகிருமிடத்தோ, பெயர்த்தெழுதிய ஏடுகளிற் பாடபேதம் மலிந்தவாறு, துறைக்கொரு ‘வருமானம்’ தோன்றிவிடும்.

ஆதலின் நம் துணிபு இது: இணைப்பும் படைப்பின் ஒரு பகுதியே, அது விதியினாலன்றிக் கையினால் மாற்றப்படலாகாது. இதற்கு வழிகள் உள. டிப்ளாய்மென்ட் பைப்லைன் என்னும் வசதியில் மாதிரியும் அறிக்கையும் ஒருங்கிருந்தாலும், வெவ்வேறு பைப்லைன்களில் ஒத்த படிகளில் இருந்தாலும், அடுத்த படிக்குச் செல்லுங்கால் அறிக்கை அப்படியிலுள்ள மாதிரியுடன் தானே இணையும். கிட்டினின்று நேரே வெளியிடுவோர்க்கு இவ்வுதவி கிடையாது. அவர்கள் மூன்று படிகளுக்குமுரிய அடையாள எண்களை ஓர் அட்டவணையாகக் கிட்டிலேயே எழுதிவைத்து, வெளியிடும் ஸ்கிரிப்ட் அவற்றைப் படிக்கேற்ப மாற்றுமாறு செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், யார், எப்பொழுது இணைப்பை மாற்றினார் என்பதும் வரிவரியாக விளங்கும்.

இன்னும் இரண்டு காவல்கள் அவசியம். முதலாவது, வெளியீட்டினால் மாதிரியின் அமைப்பு மட்டுமே செல்லும், தரவு செல்லாது என்பதை மறவாமல், வெளியிட்டபின் மாதிரியைப் புதுப்பித்து, அறிக்கை எம்மாதிரியினின்று விடை பெறுகின்றது என்று சோதித்தல். இரண்டாவது, பயன்பாட்டு அறிக்கையைக் காண்போர்க்கு ஆக்க மாதிரியையும் சோதனை மாதிரியையும் வாசிக்கும் உரிமையைக் கொடாதிருத்தல். அங்ஙனமாயின், இணைப்புத் தவறிய அறிக்கை பொய்யெண்ணைக் காட்டாது, திறவாமலே நின்றுவிடும். பொய் கூறும் அறிக்கையினும் மௌனம் சாதிக்கும் அறிக்கை நூறு மடங்கு மேலானது.

இவையெல்லாம் சிறு குழுவினர்க்குச் சுமையாகத் தோன்றலாம். ஓர் அட்டவணை எழுதுவதற்குச் சில நாழிகை செல்லும். தவறிய எண்ணை நம்பிச் செய்த காரியத்தை மீட்பதற்கோ சில சமயம் வழியே இராது. ஆகவே, இத்தொழிலிற் புகும் இளைஞர் ஓர் அறிக்கையைப் பிறர் கையிற் கொடுக்குமுன், ‘இஃது எவ்வூற்றினின்று வருகின்றது? அதனை எங்கே எழுதிவைத்துள்ளோம்?’ என்னும் இரு வினாக்களையும் தம்மைத் தாமே வினவுவாராக. அவற்றிற்கு விடை கூற இயலாத அறிக்கையை, மேலதிகாரி எத்துணை விரைவுபடுத்தினும், வெளியிடாதிருத்தலே நேர்மை.