சாரல் ஓய்ந்த வானம்

குற்றாலத்துக்கு ஆனியும் ஆடியும் சீஸன் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் இன்னொரு சீஸனும் உண்டு என்போம் நாம். சாரலும் ஐப்பசி மழையும் ஓய்ந்த பின், மாசி அமாவாசையன்று இரவு பத்து மணியளவில் தென்காசி வயல்வெளியில் நின்று தெற்கே நோக்குங்கள். பொதிகை முனிவரின் பெயர் தாங்கிய அகஸ்திய நக்ஷத்திரம் பளிச்சென்று தெரியும். அதற்கு இடப்புறம், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சிதறிய ஒரு நக்ஷத்திரத்தின் மிச்சம் பரந்து கிடக்கிறது. 'வேலா' என்று அதற்குப் பெயர். 16 பூர்ண சந்திரர்களை வரிசையாக வைத்தாற்போன்ற அகலம். இருந்தும் கண்ணுக்குப் புலப்படாது!

காமிராவுக்குப் புலப்படும். வானத்தின் சுழற்சியோடு தானும் திரும்பும் பீடத்தில் காமிராவை வைத்து, ஹைட்ரஜனின் செந்நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியைப் பொருத்தி, பல மணி நேரம் படம் மேல் படமாக எடுத்து ஒன்று சேர்க்க வேண்டும். அப்போது நூலாம்படைபோல் இழை இழையாகத் தோன்றும்.

லண்டன்வாசிகளுக்கு இக்காட்சி கிட்டாது. அங்கே வேலா உதிப்பதே இல்லை. டில்லியில் 16 பாகை உயரந்தான் ஏறும். தென்காசியிலோ 36 பாகை. இயற்கை அளித்த இந்தச் சலுகையை நாமே கெடுத்துக்கொள்ளலாமா? ஆகாயத்துக்கு வெளிச்சம் போடும் தெருவிளக்குகளுக்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும். தெருவுக்கும் வெளிச்சம் கூடும், வானமும் பிழைக்கும்.