‘சமம்’ என்னும் குறி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் என் அண்ணனுக்குக் கிடைத்த கணினியே இன்று எனக்குத் துணை. அதில் விண்டோசுடன், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனைத் தழுவி உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் இருந்தது. அது பழையதாகிவிடவே, நண்பனின் பென் டிரைவிலிருந்து டெபியன் 11-ஐ நிறுவினேன். கைப்பேசி இணைப்பில் புதுப்பித்தும் விட்டேன். அன்றைய டேட்டா அத்தோடு தீர்ந்தது.

பிறகு அதே பென் டிரைவிலிருந்து சி மொழித் தொகுப்பியை நிறுவ முயன்றால், மறுப்பு! ‘லிப்சி6-டெவ்’ என்னும் தொகுப்பு, இன்ன பதிப்பு லிப்சி6-க்குச் சமமானதே வேண்டும் என்கிறது. என்னிடம் இருந்ததோ அதனினும் புதியது. புதியது இருக்கப் பழையதைக் கேட்பானேன்? படப்பையில் இரவு பதினொரு மணிக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று. மறுநாள் ஆய்வுப் பதிவேடு காட்ட வேண்டும்.

ஆனால் தவறு அந்தச் சமக்குறியில் இல்லை, நண்பர்களே. லிப்சி என்பது ஏறத்தாழ எல்லா நிரல்களும் பொதுவில் எடுத்தாளும் நூலகம். ‘டெவ்’ தொகுப்பில் இருப்பவை அதன் தலைப்புக் கோப்புகள். இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவை. தலைப்புக் கோப்பு ஒன்றைச் சொல்ல, நூலகம் வேறொன்றைச் செய்தால், நிரல் தொகுக்கப்பட்டு, ஓடும்போது கவிழும். எங்கள் ஊர்ச் சாலையோரப் பட்டறையில் போல்ட்டுக்கு நட்டு வாங்குவோர் மரை பார்த்துத்தானே வாங்குகிறார்கள்?

டயருக்கு அப்படியில்லை, அளவு பொருந்தினால் எந்தக் கம்பெனியும் ஆகும். சாதாரண நிரல்களும் அத்தகையவையே. அவை ‘இந்தப் பதிப்போ, அதற்கு மேலோ’ என்று கேட்பதே முறை. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டபோது, டெபியனில் அந்த ஒரு நூலகத்தைத் திருத்தி, அதைப் பயன்படுத்திய நிரல்களை மறுபடி இயக்கினால் போதுமாயிருந்தது. ஒவ்வொரு நிரலும் சமக்குறி போட்டிருந்தால் அந்தத் திருத்தமே உள்ளே நுழைந்திருக்க முடியாது!

‘நாளைய பதிப்பு எப்படியிருக்குமென்று யாருக்குத் தெரியும்?’ என்பர் சிலர். நியாயமான அச்சம். அதனால்தான் லிப்சியில் பழைய சார்புகளை அவற்றின் பதிப்பு அடையாளத்துடன் புதிய நூலகத்திலும் காத்து வருகிறார்கள். ஒவ்வாத மாற்றம் வந்தால் நூலகத்தின் பெயரே மாறுகிறது, லிப்எஸ்எஸ்எல் 1.1 போய் லிப்எஸ்எஸ்எல் 3 வந்தது அப்படித்தான். ‘என் கணினியில் ஓடுகிறது’ என்பதற்காக நம் செய்முறைத் திட்டங்களில் கண்ட இடத்திலெல்லாம் சமக்குறி போடுவது சோம்பல் என்பேன்.

துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆய்வகக் கணினி ஒன்றில், ஒரே தேதியில் எடுத்த டெபியன் தொகுப்புகள் அனைத்தையும் நகலெடுத்து வைத்து, பருவத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால், நூலகமும் அதன் ‘டெவ்’வும் பிரிந்து வரா. நாள் குறித்தால் வன்தட்டோடு நான் வந்து நிற்பேன்.