கறவை மாட்டுக் கடனும் 85 நாள் கணக்கும்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் தமிழ் வாடிக்கையாளர்கள் பலருக்குத் தொழில் மும்பையில் என்றாலும், திருநெல்வேலிப் பக்கமோ ஈரோட்டுப் பக்கமோ ஒரு மாட்டுக் கொட்டில் உண்டு. ஊரிலுள்ள தந்தையார் பெயரிலோ தம்பி பெயரிலோ மாட்டுக் கடன் பெறப்படுகிறது. தவணை தவறினால் கவலை இங்கே வந்து சேர்கிறது. ஆகவே இக்கடனைப் பற்றிய எங்கள் கருத்தை இவ்விதழில் எழுதுவது பொருந்தும் என எண்ணுகிறோம்.

மாட்டுக் கடன் என்றதும் இரண்டு கேள்விகளே எழுகின்றன. மாடு என்ன விலை? நாளைக்கு எத்தனை லிட்டர்? ஆனால் கடன் அடையுமா என்பதைத் தீர்மானிப்பது, மாடு கன்று ஈன்ற நாளுக்கும் அது மறுபடி சினை பிடிக்கும் நாளுக்கும் இடையிலுள்ள காலமே.

கணக்கைப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமாயின் 365 நாளில் எஞ்சுவது 85 நாள். அதற்குள் சினை நிற்க வேண்டும். 150ஆம் நாளில்தான் நின்றது என்றால், ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடைவெளி 430 நாளாகிவிடும். கறவைக் காலத்தை 300 நாள் எனக் கொண்டால், பால் இல்லாத நாள்கள் முன்னதில் 65, பின்னதில் 130. அந்நாள்களிலும் மாடு தின்னும், வட்டியும் ஏறும். ஐந்தாண்டுக் கடனில் ஐந்து ஈற்று கிடைக்க வேண்டிய இடத்தில் நான்குதான் கிடைக்கும். பருவ அறிகுறியை ஒருமுறை கவனியாது விட்டால் 21 நாள் போயிற்று. எருமைக்குச் சினைக்காலமே ஏறத்தாழ 310 நாள் என்பதால் அதன் இடைவெளி இன்னும் நீளும்.

மும்பைவாசிகளான நமக்கு வேறொரு கணக்கும் பழக்கமானது. நகரத் தபேலாக்களில், ஈன்று சில நாளே ஆன எருமைகளை வெளி மாநிலங்களிலிருந்து வாங்கி, பால் வற்றும்வரை கறந்து, வற்றியதும் விற்றுவிடுவார்கள். இடத்துக்கும் தீவனத்துக்கும் நகரம் கேட்கும் விலையில், வற்றிய எருமையைக் கட்டிவைத்துத் தீனி போடுவது கட்டுபடியாகாது. நகருக்குள் நெருக்கியடித்துக் கிடந்த எருமைகளுக்காக 1949இல் ஆரே பால் குடியிருப்பு தோன்றியது. இடம் மாறியதே தவிர, மறு ஈற்றுக்குக் காத்திருக்க முடியாத பொருளாதாரம் எளிதில் மாறவில்லை. நல்ல கறவைக் குலங்கள் பல இவ்வாறு அழிந்தன. ஊர் மாட்டை இந்தக் கணக்கில் நடத்தினால், கடன் முடியுமுன் மாடு வியாபாரியின் கைக்குப் போய்விடும்.

சினை பிடிக்காவிட்டால் முதலில் பழி விழுவது சினை ஊசியின் மீது. பெரும்பாலும் காரணம் மாட்டின் உடற்கட்டில் இருக்கிறது. ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்தை எட்டும்; தீனி எடுக்கும் திறனோ அதற்குப் பின்னரே கூடும். இடையிலுள்ள பற்றாக்குறையை மாடு தன் உடற்கொழுப்பிலிருந்து ஈடுசெய்கிறது. சேமிப்பில்லாத குடும்பத்துக்கு நோய் வந்த கதைதான்! மெலிந்த மாடு உயிரையும் பாலையும் காத்துக்கொள்ளும், சினையை ஒத்திப்போடும். கால்நடை மருத்துவர்கள் உடற்கட்டை 1 முதல் 5 வரை மதிப்பிடுகின்றனர். ஈனும்போது அது 3க்குக் குறையலாகாது. ஈன்ற பின் தேற்றுவது கடினம், செலவும் மிகுதி. சினையின் கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்தித் தீவனம் கொடுப்பதே மலிவான வழி. அந்த இரு மாதங்களில்தான் பால் பணம் இல்லையென்று புண்ணாக்கைக் குறைக்கிறார்கள்.

கன்று ஊட்டும் முறையும் இதில் சேரும். ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளின் காங்கேயம் மாட்டில் கன்றுதான் வருமானம். பாலில் பெரும்பங்கு அதற்கே. கொறங்காட்டில் தாயுடன் மேய்ந்தபடி கன்று நாளெல்லாம் ஊட்டினால், தாய் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும். ஊட்டுவதே அதற்குரிய சுரப்பை அடக்கிவிடுகிறது. இறைச்சிக்கு மாடு வளர்க்கும் மேலை நாடுகளில் வழக்கமாக ஆறு முதல் எட்டு மாதத்தில் கன்றைப் பிரிப்பவர்கள், வறட்சி வந்தால் மூன்று, நான்கு மாதத்திலேயே பால்குடி மறக்கச் செய்கிறார்கள். தாய் விரைவில் தேறுகிறது. புல் காய்ந்த ஆண்டில் நம் கொறங்காட்டுக்கும் இது ஏற்றதே. சீம்பாலில் குறை வைக்காமல், இரண்டாம் வாரத்திலிருந்தே தீவனத்தைப் பழக்கிய கன்றுக்குத்தான் இது பொருந்தும்; மற்றக் கன்று வாடிவிடும்.

ஈனும் காலத்தையும் ஓரளவு நாம் தெரிந்தெடுக்கலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊர்களில் பங்குனியில் சினை பிடித்த மாடு மார்கழியில் ஈனும். நிறைசினை மாதங்களில் பசும்புல் கிடைக்கும். ஈன்ற பின் தை அறுவடை வைக்கோலும் உண்டு. 85 நாள் கழித்து மீண்டும் பங்குனி. சித்திரையில் ஈனும் மாடோ கோடையில் நிறைசினையாய் மெலிந்து, வெயிலின் உச்சத்தில் பால் கொடுக்க வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பெறும் தென்காசிப் பக்கத்தாருக்கு இந்த மாதங்கள் மாறும்.

இனி வங்கிகளின் பங்கு. மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டச் சொல்லும் தவணை கடைக்காரருக்கும் சம்பளக்காரருக்கும் ஏற்றது, மாட்டுக்கு ஏற்றதன்று. கறவை மாதங்களில் கூடுதலாகவும் வற்றிய மாதங்களில் வட்டி மட்டுமாகவும் தவணை அமைவதே முறை என்பது எங்கள் உறுதியான கருத்து. கடன் கேட்கும்போதே இதைக் கேளுங்கள். இரண்டு மாட்டுக்குக் கடன் என்றால், இரண்டாவதை ஐந்தாறு மாதம் கழித்து வாங்குங்கள். ஒன்று வற்றும்போது மற்றது கறவையில் இருக்கும். இரண்டையும் ஒரே சந்தையில் ஒரே நாளில் பிடித்துவர ஆசைப்படுவோரே மிகுதி. வண்டி வாடகை மிச்சமாம்! கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. அது தீவனம், மருத்துவம் போன்ற நடப்புச் செலவுகளுக்கானது. நிறைசினை மாதங்களின் புண்ணாக்குச் செலவுக்கு அது நன்கு உதவும்.

மும்பையிலிருந்து மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள், மாடு என்றைக்கு ஈன்றது, என்றைக்குச் சினை ஊசி போட்டது என்ற இரண்டு தேதிகளையும் கேட்டுக் குறித்து வையுங்கள். ஊசி போட்டு இரண்டு, மூன்று மாதத்தில் மருத்துவரைக் கொண்டு சினையை உறுதி செய்யச் சொல்லுங்கள். ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு மாதம் கடந்ததும் கறவையை நிறுத்தச் சொல்லி, அந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் தீவனத்துக்கென்று தனியாகச் சிறிது பணம் சேர்த்து அனுப்புங்கள்.